தண்ணீருக்குப் பயந்தவர் கழுவிய எஞ்சின்

உலகத்திலேயே தண்ணீரைக் கண்டு நடுங்குகிற ஒரே வாகனம் கழுவுபவர் எங்கள் மன்னார்ப் பள்ளிமுனையில்தான் இருக்கிறார். ஞானஸ்நானப் பெயர் ஒன்று நிச்சயம் இருக்கும். ஆனால் எல்லாருக்கும் அவர் 'காஞ்சிட்டுதோ' அண்ணைதான். எஞ்சினைக் கழுவி முடித்ததும் அவர் வாயில் வருகிற ஒரே கேள்வி அது. தன்னையே கேட்பார், வாகனக்காரரைக் கேட்பார், தெருவால் போகிறவரையும் மறித்துக் கேட்பார். ஓம் என்று சொன்னால் நம்பவும் மாட்டார்.

என் வான் வண்டியால்தான் எனக்கு அவர் பழக்கம். பேசாலையில் பல வருடம் மீன் ஏற்றிய பழைய டீசல் வான் அது. எஞ்சின் முன் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. கசிந்த எண்ணெய், ஒழுகிய மீன் தண்ணீர், காற்று கொண்டுவந்த மணல் எல்லாம் சேர்ந்து அதன்மேல் கறுத்த தொதல் இனிப்பு மாதிரி இறுகிக் கிடந்தன. சூடேறினால் அந்த ஊத்தை புகைக்கும். ஒருநாள் மன்னார்ப் பாலத்தில் வைத்து இருக்கைக்கு அடியிலிருந்து புகை கிளம்ப, என் மகள் கதவைத் திறந்து இறங்கி டவுனுக்கு நடந்தே வந்துவிட்டாள்.

அவளுக்கு மட்டக்களப்பில் பல்கலைக்கழகம் கிடைத்திருந்த நேரம். நான்தான் கொண்டுபோய் விடுவேன் என்று நான் வேலை செய்கிற கந்தோர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். மகளோ வேறு தீர்ப்புச் சொன்னாள்.

"புகை நிண்டா உங்களோடை வானிலை வாறன். இல்லாட்டித் தனியப் பஸ்ஸிலை போறன். நான் சின்னப் பிள்ளை இல்லை, அப்பா."

அதன்பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. வவுனியாவில் பஸ் மாற வேண்டும், பெட்டியைத் தூக்க வேண்டும், பக்கத்தில் யார் இருப்பார்களோ தெரியாது. கண்ணை மூடினால் இதெல்லாம் வரிசையாக வந்து நின்றன.

காஞ்சிட்டுதோ அண்ணை எனக்கு நாள் தந்தது, அவள் புறப்படுவதற்கு முதல்நாள். அதற்கு முந்திய நாட்களில் எல்லாம் வானத்தில் மேகம் கிடந்ததாம்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்த கையோடு வானைக் கொண்டுபோனேன். எஞ்சின் ஆறும்வரை கிட்டப் போகவே மாட்டேன் என்றார். ஆறியபின் பற்றரி, டைனமோ, எயார் பில்டர் எல்லாவற்றுக்கும் ஷொப்பிங் பையைப் போட்டு இறப்பர் வளையத்தால் கட்டினார். பெருநாள் சாமான் வாங்கிக்கொண்டு வந்ததுபோல் இருந்தது என் எஞ்சின். பிறகு வாளித் தண்ணீரில் ஒரு மிடறு குடித்து, வானத்தைப் பார்த்தபடி நின்றார். என்ன அண்ணை என்று கேட்டேன். உப்பு இருக்கிறதா என்று பார்க்கிறாராம். எங்கள் பக்கத்துக் கிணறுகளை நம்பி இரும்பைக் கொடுக்க முடியாதாம். மூன்று கிணற்றுத் தண்ணீரைக் குடித்துத் துப்பிய பிறகுதான் ஒன்று அவருடைய நாக்குக்குச் சரிவந்தது.

மண்ணெண்ணெயைத் தூரிகையால் பூசி ஊறவிட்டு, மரச் சிராயால் மெல்லச் சுரண்டி, சவர்க்காரத் தண்ணீரைத் தெளித்தும் தெளிக்காமலும் துடைத்தார். பின்னேரம் ஆனபோது எஞ்சினின் நிறம் எனக்கு முதல்முறையாகத் தெரிந்தது. அடியில் மட்டும் கைப்பிடி அளவு ஊத்தை அப்படியே இருந்தது.

"அதைத் தொட எனக்குப் பயம், தம்பி. அதுதான் எண்ணெயைப் பிடிச்சு வைச்சிருக்குது" என்றார்.

அந்த நேரம் பார்த்து மகள் சைக்கிளில் வந்து இறங்கினாள். குனிந்து மூக்கை வைத்தாள். இன்னும் மணக்குது மாமா என்றாள், அவ்வளவுதான். அண்ணையின் முகம் செத்துவிட்டது. வாழ்க்கையில் முதல்முறையாகப் பயத்தை ஒதுக்கி வைத்துவிட்டு அந்தக் கட்டியைச் சுரண்டினார். கட்டி விழுந்தது. பின்னாலேயே எண்ணெயும் சொட்டத் தொடங்கியது. எண்ணெய் கசியாமல் அடைக்கிற கேஸ்கெட் எப்போதோ போய்விட்டது, இத்தனை காலமும் ஊத்தைதான் அந்த வேலையைப் பார்த்திருக்கிறது. ஞாயிறு, புதிது வாங்கக் கடைகளோ பூட்டு. அண்ணை வானுக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்திவிட்டார். நானும் குந்தினேன்.

அடுத்தநாள் காலை பஸ் நிலையம். மகள் பெட்டியோடு ஜன்னல் ஓரம் ஏறி இருந்தாள். நான் கீழே நின்று, பயமில்லாதவன் மாதிரி நடித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று காஞ்சிட்டுதோ அண்ணை தகர டின்னும் தூரிகையுமாக வந்து, நேராகப் பஸ்ஸில் ஏறினார். சாரதிக்குப் பக்கத்திலிருந்த எஞ்சின் மூடியைத் தூக்கித் தலையை உள்ளே விட்டார். சாரதி ஏசினார், கொண்டக்டர் ஏசினார், மீன் பெட்டியோடு இருந்த ஒரு அம்மா இருவரையும் சேர்த்து ஏசினார்.

"பிள்ளை போற வண்டி. ஒருக்காப் பாத்திட்டு விடுறன்" என்றார் அண்ணை.

எங்கோ ஒரு கசிவைக் கண்டு போட்டிருந்த சேட்டின் நுனியால் துடைத்தார். எஞ்சினை வழியில் எங்கே ஆறவிடுவீர்கள், பிறேக் எப்போது பார்த்தது என்று சாரதியை விசாரித்தார். விசில் ஊதியும் இறங்கவில்லை. மகள் ஜன்னலால் தலையை நீட்டினாள்.

"அப்பா, நீங்கள் வந்து ஏறுங்கோ. இல்லாட்டி இவர் என்னோடை வந்திடுவார்."

மாற்று உடுப்புக்கூட இல்லாமல் ஏறினேன். நான் ஏறிய பிறகுதான் அண்ணை இறங்கினார். பஸ் நகர, மகள் சிரித்துக்கொண்டே அவருக்குக் கை காட்டினாள். அவளுக்காக என்னளவு பயப்படுகிற இன்னொரு மனிதரை இறக்கிவிட்டுப் போகிறோமே என்று நான்தான் அவர் மறையும்வரை திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.