குலுங்காத மேஸ்திரி செய்த வண்டி

மேடு பள்ளத்தோடு நேருக்கு நேர் மல்லுக்கு நின்ற மனிதர் என்று தமிழ்நாட்டில் எனக்குத் தெரிந்து ஒருவர்தான் உண்டு. மலைமேல் புதூர்நாட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். ஊருக்கு அவர் குலுங்காத மேஸ்திரி. எந்த வண்டியைப் பார்த்தாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "குலுங்குமா?" என்பதுதான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் அங்கே கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தா. மலைக்காரர்கள் கொண்டுவரும் புளி, தேன், கடுக்காயை எடை போட்டு வாங்குவது என் வேலை. எதிரிலேயே மேஸ்திரியின் கொட்டகை. கரண்ட் தனக்கு இஷ்டமான நாளில்தான் மலையேறி வரும் என்பதால் கார்பைடு போட்டு கேஸ் வெல்டிங் செய்வார். அந்த நாற்றத்துக்கு நாலு நாளில் பழகிவிட்டேன். மேஸ்திரிக்குப் பழகத்தான் ரொம்ப நாளாயிற்று.

அவர் மனைவி பொன்னியக்கா, புளி உலுக்க மரமேறி விழுந்து இடுப்பு உடைந்தவர். நடக்க முடியாது. உட்கார்ந்த இடத்திலிருந்தே வீட்டையும் மேஸ்திரியையும் ஆண்டுகொண்டிருந்தார். அவருடைய தாய்வீடு மூன்று மைல் மேலே, ஆலங்கொல்லையில். பாதை என்பது பேருக்குத்தான். பாறையும் வேரும்தான் கிடக்கும். விழுந்ததிலிருந்து ஆறு அம்மன் திருவிழா வந்து போயும் அக்கா அங்கே போகவில்லை. ஆலங்கொல்லைக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் அவருடைய சொந்த அண்ணன். வருஷா வருஷம் டோலி கட்டி, தூக்கிவர நாலு ஆளை அனுப்புவார். அக்கா வாசலிலேயே விரட்டுவார்.

"டோலியில போறது சீக்காளியும் பொணமும். நான் பொறந்த வூட்டுக்கு நிமிந்து குந்திக்கினு போவணும். இல்லன்னா போவவே வேணாம்."

ஏழாவது திருவிழாவுக்கு நாலு மாதம் இருக்கும்போது மேஸ்திரி வண்டி செய்ய ஆரம்பித்தார்.

ஒருநாள் மத்தியானம் சங்கத்துக்குள் வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சார், அந்தத் தராசுல கொஞ்சம் ஏறுங்க."

புளி மூட்டை போடும் தராசு அது. ஏறினேன். முள்ளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"எங்க வூட்டு அம்மா எடயும் உங்க எடயும் ஒண்ணுங்க சார். நாளைலேர்ந்து சாயந்திரம் பட்டறைக்கு வந்துடுங்க."

அப்படித்தான் நான் அந்த வண்டியின் முதல் பயணி ஆனேன். தண்ணீர்க் குழாய்களை வளைத்துப் பற்றவைத்த பிரேம். ஓடாமல் நின்ற ஓர் ஆட்டோவின் என்ஜின். நாலும் ஆட்டோச் சக்கரம். உடைந்த ஜீப்பிலிருந்து கழற்றிய ஸ்பிரிங் பட்டை. இருக்கைக்குச் சங்கத்தின் பழைய நாற்காலி ஒன்றைக் காலை அறுத்து வைத்தார். அந்த நாற்காலியைத்தான் நாங்கள் ஒரு வாரமாகத் தேடிக்கொண்டிருந்தோம்.

என் மடியில் செம்பு நிறையத் தண்ணீர் வைப்பார். சிந்தாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். பாறைமேல் வண்டியை ஏற்றி இறக்குவார். பிறகு நிறுத்திவிட்டு என் வேட்டி எவ்வளவு நனைந்திருக்கிறது என்று பார்ப்பார். ஈர வேட்டியோடு சங்கத்துக்குப் பூட்டுப் போடத் திரும்பி வருவேன். செக்ரட்டரி பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் தலையைக் குனிந்துகொள்வார். அதற்கு அவர் கேட்டே தொலைத்திருக்கலாம்.

ஜீப் பட்டை ஆறேழு பேர் ஏறினால்தான் வளையும். எனக்காக வளையுமா? கல்லுக்குக் கல் என்னை ஆகாயத்துக்கு அனுப்பியது. "பட்டை ஜாஸ்தி சார்" என்று இரண்டைக் கழற்றினார். இப்போது வளைந்தது. ஆனால் ஒரு கல்லில் குதிக்க ஆரம்பித்தால் அடுத்த மேடு வரைக்கும் குதித்துக்கொண்டே போயிற்று. "இதுக்கு நிறுத்தத் தெரியல சார்" என்று திருப்பத்தூருக்குப் போய்ப் பழைய மோட்டார் சைக்கிளின் ஷாக் அப்சார்பர் நாலு வாங்கிவந்து மாட்டினார். அப்புறம் ஒருநாள் இறக்கத்தில் பிரேமே விட்டுக்கொண்டது. முன்பாதி மேஸ்திரியோடு போய்விட்டது, பின்பாதி என்னோடு நின்றுவிட்டது. கொஞ்ச தூரம் போன பிறகுதான் அவருக்கே தெரிந்தது. திரும்பி வந்து என்னைத் தூக்குவார் என்று பார்த்தால், உடைந்த இடத்தைத் தடவிக்கொண்டு குந்திவிட்டார்.

"குறுக்குப் பைப் வெக்காதது என் தப்புங்க சார்."

"எனக்கு முட்டி பேந்துபோச்சு மேஸ்திரி!"

"அதான் சொல்றேன், என் தப்புன்னு."

திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தவில்லை. மேஸ்திரி அந்தச் செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டார்.

திருவிழாவன்று காலையில் பொன்னியக்கா மஞ்சள் சேலை கட்டி அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். மேஸ்திரி ஓட்ட, கல்லை ஒதுக்கிவிட நான் முன்னால் ஓடினேன். மூன்று மைலும் வண்டி தாலாட்டிக்கொண்டே ஏறியது. ஆலங்கொல்லை எல்லைக்கல்லில் ஊரே நின்றது, மேளத்தோடு. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அங்கேதான் ஊர்க்கவுண்டர் கையைக் காட்டி வண்டியை நிறுத்தினார்.

ஆலங்கொல்லையில் ஒரு கட்டுப்பாடு. எல்லைக்கல்லுக்கு உள்ளே அம்மன் நடக்கிற மண் என்பதால் செருப்பு போடக் கூடாது. எல்லோரும் வேப்ப மரத்தடியில் கழற்றி விட்டுத்தான் உள்ளே போவார்கள். மேஸ்திரியும் நானும் அதை மறக்காமல் கழற்றியிருந்தோம். ஆனால் கவுண்டர் தன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வண்டிச் சக்கரத்திடம் போனார்.

"மாப்ள, இது இன்னா?"

"செருப்பு."

"எதுல அறுத்தது?"

"டயர்ல."

"அப்ப உன் வண்டி போட்டுக்கினு இருக்கறது இன்னா?"

ஊர் மொத்தமும் குனிந்து டயரைப் பார்த்தது. கவுண்டரின் செருப்பைப் பார்த்தது. அதே கோடு, அதே கட்டம். அந்த மலையில் எல்லோர் காலிலும் டயர் செருப்புதான். "ஆமாம்பா, செருப்புதான்" என்று நாலா பக்கமும் குரல் வந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. டயரையும் கழற்றச் சொன்னால் எப்படி? டயர் இல்லாமல் வெறும் ரிம்மில் கல்மேல் ஓட்டினால் அந்த இடுப்பு என்ன ஆகும்?

கவுண்டருக்கும் மனசு கேட்கவில்லை. "கோயில் கூப்புடு தூரந்தான். நாங்க நாலு பேரு தூக்கிக்கினு போய்ட்றோம், தங்கச்சி" என்றார்.

அக்கா நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். மேஸ்திரி அந்தக் கைகளைப் பார்த்தார்.

"நியாயந்தான் மச்சான். வண்டியும் கழட்டிட்டே வரட்டும்."

அக்காவை இறக்காமலே பிரேமுக்கு அடியில் கல்லை முட்டுக் கொடுத்தார். ஆட்டோ ரிம் இரண்டு பாதியாகப் பிரியும். காற்றைப் பிடுங்கி, நட்டைக் கழற்றி, டயரை உருவி, மறுபடி பாதியோடு பாதி சேர்த்து மாட்டினார். அரை மணிக்கு மேல் ஆயிற்று. மேளக்காரர்கள் பீடி பற்றவைத்தார்கள். வேப்ப மரத்தடியில் செருப்பு வரிசையோடு நாலு டயரும் உட்கார்ந்தன.

பிறகு வெறும் ரிம்மில் வண்டி புறப்பட்டது. கடகடவென்ற சத்தத்தில் மேளம் எடுபடவில்லை. இரண்டடிக்கு ஒருமுறை மேஸ்திரி திரும்பி, "வலிக்குதா?" என்றார். "நேராப் பாத்து ஓட்டுய்யா!" என்றார் அக்கா. நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு பக்கமும் சிரித்துக் கும்பிட்டுக்கொண்டே போனார். அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்தபடி முன்னால் நடந்தார். நானும் அழுதேன், சொல்வதில் என்ன வெட்கம்?

மறுநாள் மேஸ்திரி எல்லைக்கல்லடியில் ரிம்மைத் தட்டிச் சரிசெய்துகொண்டிருந்தபோது, தாய்வீட்டுத் திண்ணையிலிருந்து அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"வலியில உசுரு போய்டிச்சி சார். ஒவ்வொரு கல்லும் இடுப்புல தெரிஞ்சிது. அந்த ஆளுகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. ஒடிஞ்சிடுவாரு."

மேஸ்திரியிடம் போனேன். தலை நிமிராமல் கேட்டார்.

"இன்னா சொன்னா?"

"பஸ்ல வந்த மாதிரியே இருந்துச்சாம்."

அவருக்கு முகம் விழுந்துவிட்டது. "பஸ்ஸு குலுங்கும் சார்."

"பஸ்ஸைவிட நல்லா இருந்துச்சாம் மேஸ்திரி. குலுங்கவே இல்லையாம்."

"நெசமாவா?" என்றார். பிறகு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு, ஏற்கெனவே நேராகிவிட்ட ரிம்மை ரொம்ப நேரம் தட்டிக்கொண்டிருந்தார்.

மேஸ்திரிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. புதூர்நாட்டுப் பக்கம் போகிறவர்கள் தயவுசெய்து இதை அவருக்கு வாசித்துக் காட்டிவிடாதீர்கள்.