கராயெல் வாய் மூடிய பாட்டும் எங்கள் ஏழு பங்குக் காளையும்

எஸ்கிஷெஹிர்,
வியாழக்கிழமை நண்பகல், லுஹர் தொழுகைக்குப் பின்.

அளவற்ற அருளாளனின் திருப்பெயர் முன்னிற்க, டோர்ட்முண்டில் வாழும் என் அக்கா மெலீஹாவுக்குத் தங்கை நெஸாஹத் ஸலாம் உரைத்து எழுதுவது. உன் சுகமும், மச்சான் ஃபெரீதின் இடுப்பு சுகமும், பேரப்பிள்ளைகளின் சுகமும் அறிய ஆவல். இங்கே என் தொழுகை சுகம், முழங்கால் சுமார், மற்றது எதுவும் சுகமில்லை.

இதைத் தொலைபேசியில் சொல்லக் கூடாதா என்று நீ கேட்பாய். உன் தொலைபேசியை எடுப்பது மச்சான். என் தொலைபேசியை ஒட்டுக் கேட்பது என் வீட்டுக்காரர் ரிஃப்கி. நான் சொல்லப்போவது என் யோசனை என்று அந்த இரண்டு பேருக்கும் தெரியக் கூடாது. எதிர்வீட்டு மகள் நாளைக் காலை உங்கள் ஊருக்கு விமானம் ஏறுகிறாள், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடு. அல்லாஹ்வின் பெயர் எழுதிய முதல் வரியை மட்டும் கிழிக்காமல் பத்திரமாக எடுத்து வை.

அக்கா, அம்மாவின் வளையல்களில் என் பங்கை நீ போன வருஷம் கழற்றிக் கொடுத்தாய் அல்லவா, அன்றைக்கே நான் நோட்டை எடுத்து உட்கார்ந்து என் சொத்தைக் கூட்டிப் பார்த்தேன். நம்பாமல் மறுபடியும் கூட்டினேன். மார்க்கம் சொல்லும் சொத்து அளவைத் தாண்டி, தன் பெயரில் தனியாகக் குர்பானி கொடுக்கக் கடமைப்பட்டவளாக நான் ஆகிவிட்டேன். அறுபத்திரண்டு வருஷமாக முதலில் வாப்பா பெயரிலும் பிறகு கணவர் பெயரிலும் அறுத்த இறைச்சியைத்தான் நான் கழுவியிருக்கிறேன், பங்கு போட்டிருக்கிறேன், ஏழை வீடுகளுக்குச் சுமந்திருக்கிறேன். இந்தப் பெருநாளில்தான் முதல்முறையாக “ரஸீமின் மகள் நெஸாஹத்துக்காக” என்று சொல்லிக் கத்தி இறங்க இருந்தது. அதை நினைத்து நினைத்து நான் ரொட்டிக்கு மாவு பிசையும்போதே அழுதிருக்கிறேன். அந்தக் குர்பானிதான் இப்போது கைவிட்டுப் போகப் பார்க்கிறது. எவனோ ஒரு பாடகன் ஒரு பாட்டின் நடுவில் வாயை மூடிக்கொண்டதால் போகப் பார்க்கிறது.

தனியாக ஒரு ஆடு வாங்கியிருந்தால் இந்தத் தலைவலி இல்லை. ரிஃப்கிதான், “நெஸாஹத், நாங்க ஆறு பேர் இருக்கோம், காளைக்கு ஏழு பங்கு, ஏழாவது நீ சேந்துக்க” என்றார். அந்த ஆறு பேரை உனக்குத் தெரியும். ரயில் இஞ்சின் பட்டறையில் ஒன்றாகச் சேர்ந்து, ஒன்றாக வேலைநிறுத்தம் செய்து, ஒன்றாக ஓய்வு பெற்றவர்கள். வியாழன்தோறும் என் கூடத்தில் கூடி என் தேநீரைக் குடித்துக்கொண்டு துன்ஜர் கராயெலின் பாட்டைக் கேட்டு ஆராய்கிறவர்கள். ராணுவம் ஆட்சியைப் பிடித்த வருஷம் அவருடைய பாட்டுக்குத் தடை வந்ததும், அவர் ஜெர்மனிக்கு ஓடியதும், ஒன்பது வருஷம் கழித்து அதே நீண்ட முடியோடு திரும்பி வந்ததும் இவர்களுக்கு நபிமார் வரலாறு மாதிரி மனப்பாடம் (அஸ்தஃபிருல்லாஹ், உவமை தவறு, ஆனால் வேறு உவமை வரவில்லை). இப்போது அந்த மனிதருக்கு எழுபத்தாறு வயது. மூன்றாவது முறையாக விடைபெறும் சுற்றுப்பயணம் கிளம்பியிருக்கிறார். முதலில் கொலோன், பிறகு அங்காரா, வருகிற சனிக்கிழமை எங்கள் ஊர் மைதானம். அதற்கடுத்த புதன்கிழமை பெருநாள்.

வினையை விதைத்தது உன் வீட்டுக்காரர். கொலோன் கச்சேரி முடிந்து வாசலில் நின்றுகொண்டே இவர்களுக்குக் குரல் செய்தி அனுப்பியிருக்கிறார்: “சகலை, கேளு. 'சுரங்கத்து விளக்கு' பாடினாரு. கூட்டம் மொத்தமும் எந்திரிச்சு நிக்குது. அந்த நாலாவது சரணம், ஜெனரல்களைக் கிழிக்கிற சரணம், அது வந்ததும் மனுசன் வாயை மூடிட்டாருப்பா. தலையக் குனிஞ்சு நின்னுட்டாரு. ஒரு வார்த்தை பாடல!” ஆறு தலைகளும் என் சாப்பாட்டு மேசையின் மேல் குனிந்து அதை ஒன்பது தடவை கேட்டன. நான் எண்ணினேன். மூன்று நாளில் செய்தித்தாளில் படம் வந்தது. அங்காராவில் ஏதோ விருந்தில் கராயெல் ஒரு அமைச்சரோடு கைகுலுக்குகிறார். அவ்வளவுதான், வீடு இரண்டானது.

ரிஃப்கி பூதக்கண்ணாடி வைத்துப் படத்தைப் பார்த்துவிட்டு, “முழுக் கையைக் குடுக்கல, பாரு! மூணு விரல்தான் குடுத்திருக்காரு. அதுவே எதிர்ப்புதான்டா” என்றார். கீழ்வீட்டு ஷாகிர், நாற்பது வருஷமாக என் கணவருக்கு வலது கை, “மூணு விரல் போன எடத்துக்கு ஆளும் போயாச்சு” என்றார். “மௌனமா நின்னது துக்கம்டா!” “மௌனமா நின்னது பயம்டா!” “ஒனக்குப் பாட்டும் தெரியாது, அரசியலும் தெரியாது.” “ஒனக்கு ரெண்டும் தெரியும், வெக்கந்தான் தெரியாது.” பஹ்ரி என்று ஒருவர், எதற்கெடுத்தாலும் கண் கலங்குகிறவர், நடுவில் நின்று, “அண்ணன்மாரே, அவருக்கு வயசாச்சு, விட்ருங்களேன்” என்றார். இரண்டு பக்கமும் சேர்ந்து அவரைத் திட்டினார்கள். இறைச்சி அடைத்து எண்ணெய் சுடச்சுட நான் பொரித்துக் கொண்டுபோன சிபோரெக் பன்னிரண்டும் ஆறிக் கிடந்தன, ஒருவரும் தொடவில்லை. இந்த வீட்டில் இதற்கு முன் அப்படி நடந்தது என் மாமியார் மௌத்தாகி அடக்கம் செய்த அன்றைக்கு மட்டும்தான், அன்றைக்கும் இரண்டு தின்றார்கள்.

அன்றிலிருந்து பத்தொன்பது நாள். ஷாகிர் படியேறி வருவதில்லை. ஆனால் அவர் வீட்டிலிருந்து பாட்டு வருகிறது. ஒரு காலத்தில் கராயெல் எப்பேர்ப்பட்ட ஆம்பளையாக இருந்தார் என்று எங்களுக்குக் காட்ட அவர் பழைய இசைத்தட்டைப் போடுகிறார். இப்போதும் அப்படித்தான் இருக்கிறார் என்று காட்ட ரிஃப்கி புதிய பதிவைப் போடுகிறார். இரண்டும் அதே பாட்டு, ஒரு சரணம் முன்பின்னாக. நேற்று மாலை அஸர் தொழுகையில் கீழே இரண்டாவது சரணம், மேலே முதல் சரணம், நான் நின்றது மூன்றாவது ரக்அத்தா நான்காவதா என்று தெரியாமல் போய், மறதிக்கான ஸஜ்தா செய்துதான் முடித்தேன். இந்த வாரத்தில் மட்டும் இது ஐந்தாவது. மறுமையில் கேட்டால் நான் கராயெலைக் கைகாட்டுவேன்.

அப்படியிருக்க, காளையை உறுதி செய்ய ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போனோம். இரண்டு கார், இரண்டு கட்சி. நான் எந்தக் காரிலும் ஏறாமல் பஸ்ஸில் போனேன். நல்ல காளை, அக்கா. செம்மண் நிறம், நெற்றியில் வெள்ளை, சாந்தமான கண். இத்தனை பேரில் அது ஒன்றுதான் வாய் திறக்காமல் நின்றது. வியாபாரி பெகிர் வழக்கப்படி இரண்டு தரப்புக் கையையும் பிடித்துக் குலுக்கி முடிக்கப் பார்த்தார். ரிஃப்கி கையைக் கொடுத்தார், ஷாகிர் கையைப் பையில் போட்டுக்கொண்டார். “அந்த ஆளு வித்துட்டான், இவன் இன்னும் கொடி புடிக்கிறான். இவனோட கையை நான் தொடணுமா?” பெகிர் பயந்துபோய், “யாரு அண்ணே வித்தது? எந்தச் சந்தையில? என்ன எடை?” என்று கேட்டார். “கராயெல்!” என்று ஆறு பேரும் கத்தினார்கள். “அப்பிடி ஒரு யாவாரிய நான் கேள்விப்பட்டதே இல்லையே” என்று அவர் காளையை இரண்டடி பின்னால் இழுத்துக் கட்டினார்.

அப்போதுதான் நான் காதால் கேட்கக் கூடாததைக் கேட்டேன். ரிஃப்கி, “இவனோட ஒரே காளையில நிக்கிறதுக்கு நான் கோழி அறுத்துக்கிறேன்” என்றார். அது வெறும் கோபம், அதை விடு. ஷாகிர் சொன்னார்: “நான் இந்தக் காளைல நிக்கிறதே ஒனக்குத் தொடைக்கறி கூடக் கெடைச்சிரக் கூடாதுன்னுதான்டா!”

மெலீஹா அக்கா, நான் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள்தான், ஆனாலும் மார்க்கச் சட்டப் புத்தகத்தைத் தேய்ந்துபோகும் வரை படித்தவள். கூட்டுக் குர்பானியில் ஏழு பேரும் உள்ளத்தில் வைக்கும் நிய்யத்து இறைவனுக்காக இருக்க வேண்டும். ஒருவன் இறைச்சிக்காகவோ வேறெதற்காகவோ நின்றால் ஏழு பேர் குர்பானியும் வீண். அவன் பங்கு மட்டும் அல்ல, ஏழும்! அவர் தொடைக்கறிக்காக நிற்கிறார், அதுவும் தான் தின்பதற்குக்கூட அல்ல, அடுத்தவன் தின்னாமல் இருப்பதற்காக. அந்த நிய்யத்துக்குப் புத்தகத்தில் பெயரே இல்லை.

பள்ளிவாசல் இமாமிடம் ஓடினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். “உள்ளத்தில் உள்ளதை அல்லாஹ் அறிவான், கோபத்தில் சொன்னதாக இருக்கலாம், அவர்களைச் சமாதானப்படுத்துங்கள், நிய்யத்தைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள்” என்றார். நான் மனம் குளிர்ந்து எழுந்தேன். வாசல் வரை வந்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: “ஏம்மா, நாலாவது சரணத்தை நெசமாவே பாடலயா?” இந்த நாட்டில் யாரிடம் போய் முறையிட?

இவர்களைச் சமாதானப்படுத்த எனக்குத் தெரிந்த எல்லாம் செய்தேன். இனிப்புச் செய்து கீழே அனுப்பினேன். ஷாகிரின் மனைவி தட்டில் தன் பலகாரம் கொஞ்சம் வைத்துத் திருப்பிக் கொண்டுவந்தாள், என் வாசலில் நின்று, “மதினி, நானும் அந்தப் பாட்டுக்காரரோட படத்தத்தான் தெனம் தொடைக்கிறேன், இப்ப அது செவரப் பாத்துத் திரும்பி நிக்குது, பின்னாடி தூசிய யாரு தொடைக்கிறது?” என்று புலம்பினாள். பஹ்ரியைத் தூது அனுப்பினேன், அழுதுகொண்டு திரும்பினார். கராயெலுக்கே கடிதம் போட்டு, “ஐயா, உங்கள் அரசியல் என்ன, ஒரு வரியில் சொல்லிவிடுங்கள், எங்கள் காளை நிற்கிறது” என்று கேட்கலாமா என்றுகூட யோசித்தேன். அவர் பேட்டிகளைப் படித்திருக்கிறேன். ஒரு வரியில் அவர் எதையும் சொன்னதில்லை.

ஆகவே உன்னிடம் ஒரே விண்ணப்பம். மச்சான் ஃபெரீதை உட்காரவைத்து இன்னொரு குரல் செய்தி அனுப்பச் சொல். “நான் கடைசி வரிசையில் இருந்தேன், முன்னால் ஒரு உயரமான ஜெர்மன்காரன் மறைத்தான், அவர் பாடினாரா இல்லையா என்று எனக்குச் சரியாகத் தெரியாது” என்று சொல்லட்டும். பொய்தான். பிணங்கிய இரண்டு பேரைச் சேர்த்து வைக்கச் சொல்லும் பொய் குற்றமில்லை என்று இருக்கிறது, நான் பார்த்துவிட்டேன். பாவம் என்று ஏதாவது இருந்தால் அது என் கணக்கில் எழுதப்படட்டும். என் பெயரில் ஒரு குர்பானி, அக்கா. இதற்கு மேல் நான் இந்த உலகத்தில் எதையும் கேட்கவில்லை. இனி இந்த வீட்டில் கராயெலின் பெயர் ஒலிக்கக் கூடாது. அவர் பாட்டில் ஒரு வரிகூட எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

உங்கள் எல்லோருடைய பெருநாளும் பரக்கத்தாக அமையட்டும். மச்சானின் கைக்கு முத்தம் (கோபத்தோடு). குழந்தைகளின் கண்களுக்கு முத்தம்.

துஆவுக்காக ஏங்கும் உன் தங்கை
நெஸாஹத்

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டுப் பிரித்திருக்கிறேன். மேலே எழுதியதில் மச்சான் பற்றிய விண்ணப்பத்தை அடித்துவிடு, அவர் ஒன்றும் சொல்ல வேண்டாம். அஸருக்குப் பிறகு பஹ்ரி எப்படியோ ஆறு பேரையும் கூடத்தில் சேர்த்துவிட்டார், என்னை நடுவில் உட்காரவைத்து, “மதினி, எந்தக் கட்சியிலயும் இல்லாத ஒரே ஆளு நீங்க. நீங்களே தீர்ப்பு சொல்லுங்க, மௌனமா நின்னது துரோகமா, எதிர்ப்பா?” என்று கேட்டார்கள். நான், வயதான மனிதர், விட்டுவிடுங்கள் என்று சொல்லி எழுந்திருக்க வேண்டும். என் நாக்கில் ஷைத்தான் உட்கார்ந்தான். “தம்பிகளா, ரெண்டும் இல்ல. அவருக்கு வரி மறந்துபோச்சு. நாப்பது வருசமா அடுப்படில நின்னு கேக்குறேன், நாலாவது சரணத்துல மூணாவது வரி அவருக்கு வந்ததே இல்ல. பழைய தட்டுலயும் அந்த எடத்துல ம்ம்ம்னு முனகுவாரு, மேளத்தை ஓங்கி அடிச்சு மறைச்சிருப்பாங்க. நீங்க அதுக்குத்தான் கண்ண மூடித் தலைய ஆட்டுவீங்க” என்றேன். அத்தோடு நிறுத்தினேனா? தட்டு உறையில் அச்சடித்திருந்த அந்த மூன்றாவது வரியைப் பாடியும் காட்டினேன்.

ஷாகிர் ரிஃப்கியைப் பார்த்தார். “கேட்டியாடா?” “கேட்டேன்டா.” “மறதியாம்!” “முனகுறாராம்!” பத்தொன்பது நாளுக்குப் பிறகு இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், பஹ்ரி அழுதார், ஆறு பேரும் தோளில் கை போட்டபடி படியிறங்கிப் போனார்கள். சனிக்கிழமை ஒரே வரிசையில் உட்காரப்போகிறார்கள். நிய்யத்தைப் புதுப்பித்துவிட்டார்கள், இமாம் சாட்சி. ஆனால் கராயெலைப் பற்றி இப்படிப் பேசியவளோடு ஒரே காளையில் நின்றால் தங்கள் உள்ளம் சுத்தமாக இருக்காதாம். ஏழு பங்கு என்பது உச்ச வரம்புதான், ஆறு பேர் நின்றாலும் கூடும் என்று இமாமிடம் கேட்டும் வந்துவிட்டார்கள். சட்டம் சரிதான், நானும் பார்த்தேன்.

இங்கே சந்தையில் இனி நல்ல ஆடும் மிஞ்சியிருக்காது. ஆகவே அக்கா, அங்கே மச்சான் சேரும் மாட்டில் எனக்கு ஒரு பங்கு போடச் சொல், ரஸீமின் மகள் நெஸாஹத் என்று பெயரைத் தெளிவாகக் கொடு. ஆனால் கையைக் கொடுப்பதற்கு முன்னால், மச்சானை விடு, மற்ற ஐந்து பேரும் பாட்டுக் கேட்கிறவர்களா என்று நன்றாக விசாரித்துக்கொள்.