பரிமளா சந்துக்கு ஓர் ஆரஞ்சு நிறக் கேமரா

பொறுமையும் நல்ல வெளிச்சமும் இருந்தால் எந்தச் சாக்கடையையும் ஏரியாக்கிவிடலாம் என்ற பேருண்மையை உலகுக்கு அளித்த பெருமை மந்தைவெளி பரிமளா சந்துக்கே உரியது. ஏரிகளைச் சாக்கடையாக்கும் கலையில் இந்த நகரம் ஏற்கெனவே கைதேர்ந்தது என்பதால், எதிர்த்திசையில் நடந்த இந்த முயற்சியை வரலாறு தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

சாதனையாளர் பெயர் குருபிரசாத். வயது நாற்பதைத் தாண்டியவர். வீட்டிலிருந்தபடியே ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு வேலை பார்க்கிறார். நாள் முழுக்க வீட்டிலேயே இருக்கிறார் என்ற ஒரே தகுதியால் பரிமளா சந்து குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளராக ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்.

சந்தின் நடுவே மழைநீர் வடிகாலுக்காகப் பள்ளம் தோண்டியிருந்தார்கள். தோண்டும் வேலை முடிந்ததும் தோண்டியவர்கள் போய்விட்டார்கள். மூடுவது வேறு ஒப்பந்தமாம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் பள்ளம் நிரம்பி, பக்கத்துச் சாக்கடையும் அதோடு உறவு கொண்டாடி, சந்து முழுக்கக் கணுக்கால் தண்ணீர் நின்றது. எது தெரு, எது பள்ளம் என்று தெரியாது. யாரோ ஒரு புண்ணியவான் முருங்கைக் கிளையை வெட்டி, நுனியில் சிவப்புத் துணி கட்டி, பள்ளத்தில் ஊன்றி வைத்தார். சந்தின் மொத்தப் பாதுகாப்பு ஏற்பாடும் அந்தக் கிளைதான்.

தரைத்தளத்தில் இருக்கும் அபயாம்பாள் மாமிக்குத்தான் முதல் அடி. கணக்கு டியூஷன் எடுப்பவர். கூடத்துக்குள் சாக்கடை வந்துவிட்டதால், பிள்ளைகள் செங்கல் செங்கலாகத் தாண்டி வந்து, கட்டில் மேல் சம்மணம் போட்டுக்கொண்டு அல்ஜீப்ரா படித்தார்கள்.

செயலாளர் என்ற முறையில் குருபிரசாத் தன் போனில் ஒரு படம் எடுத்து மாநகராட்சி வட்ட அலுவலகத்தின் புகார்ச் செயலியில் ஏற்றினார். உதவிப் பொறியாளர் நெடுஞ்செழியனிடமிருந்து பதில் வந்தது: ‘படத்தில் பள்ளம் தென்படவில்லை. தென்படும்படியான படத்துடன் மீண்டும் அணுகவும்.’

குருபிரசாத் இன்னும் கொஞ்சம் குனிந்து எடுத்தார். போன் கைநழுவியது. பள்ளத்தின் ஆழத்தை அது நேரில் சென்று ஆய்வு செய்தது. ஆனால் அறிக்கை தர மேலே வரவில்லை.

சங்கத்தின் அவசரக் கூட்டம் தலைவர் வேதாந்தத்தின் கார் நிறுத்துமிடத்தில் கூடியது. வேதாந்தம் பெரிய கம்பெனி ஒன்றில் மனிதவளத் துறையை ஆண்டு ஓய்வு பெற்றவர். ஒரு விஷயத்தைச் செய்வதற்கும் அதைப் பற்றித் தீர்மானம் போடுவதற்கும் இடையே வித்தியாசம் பார்க்காத பரந்த மனம் அவருக்கு.

“பிரச்சினை பள்ளத்துல இல்லை. ஆவணப்படுத்தறதுலதான் இருக்கு,” என்றார் அவர்.

“என் கூடத்துல இருக்கு,” என்றார் அபயாம்பாள் மாமி.

இரண்டு கருத்துகளும் பதிவு செய்யப்பட்டன. முன்னதன்படி நடவடிக்கை எடுப்பதென்று முடிவாயிற்று.

தலைவரும் செயலாளரும் தி.நகர் போனார்கள். கடைக்காரர் சோப்பு டப்பா அளவில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கேமராவை எடுத்து, அவர்கள் கண்ணெதிரிலேயே தரையில் போட்டு, காலால் ஒரு மிதியும் மிதித்தார். “தண்ணியில போடலாம், மாடியிலேருந்து போடலாம், லாரி ஏறினாக்கூட தாங்கும் சார்.”

“படம் எப்படி வரும்?” என்று கேட்டார் வேதாந்தம்.

“அது உங்க கையில இருக்கு சார். கேமராவுக்கு ஒண்ணும் ஆகாது.”

சங்கம் அதை வாங்கியது.

முதல் படங்கள் அடுத்த கூட்டத்தில் பரிசீலனைக்கு வைக்கப்பட்டன. மாலையில், தூறலில், ஃபிளாஷ் போட்டு எடுத்தவை.

“இது என்னப்பா, வெள்ளை வெள்ளையா? ஆவியா?” என்று கேட்டார் வேதாந்தம்.

“மழைத்துளி சார். ஃபிளாஷ் பட்டு அப்படி வந்துடுத்து.”

“பள்ளம் எங்கே?”

“ஆவிக்குப் பின்னாடி இருக்கு சார்.”

மற்றொரு படத்தில் இருட்டு முழுவதும் ரவையைத் தூவினாற்போல் இருந்தது. இன்னொன்றில் பள்ளத்துக்குப் பதில் குருபிரசாத்தின் செருப்பு இருந்தது. பொத்தானை அமுக்கியபின் கேமரா சற்று யோசித்துவிட்டுத்தான் படம் எடுக்கும். அதற்குள் அவர் கையை இறக்கியிருந்தார். மிதித்தாலும் உடையாத அந்தக் கருவிக்கு வேறு பல விஷயங்களில் தாங்குசக்தி குறைவு என்பது அப்போதுதான் தெரிய வந்தது.

வேறொருவராக இருந்தால் விட்டிருப்பார். குருபிரசாத் அடையாறில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பயிலரங்கில் சேர்ந்தார். தலைப்பு: ‘சிறு கேமரா, பெரும் பார்வை’. நடத்தியவர் தாடியும் கதர் ஜிப்பாவுமாக இருந்தார். “கேமராவின் குறைகளை மன்னியுங்கள். அதுவும் உங்களை மன்னிக்கும்,” என்றார் அவர். “ஜூம் இல்லையா? கால் இருக்கிறது, நடந்து கிட்டே போங்கள். இருட்டில் சொதப்புகிறதா? விடியும்வரை காத்திருங்கள்.”

சொன்னவர் எப்படி இருந்தாலும், சொன்னது வேலை செய்தது. குருபிரசாத் விடிந்ததும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் இறங்கினார். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் லென்ஸ் கண்ணாடியை மெல்லிய துணியால் துடைத்தார். முழங்கைகளை விலாவோடு ஒட்டி மதிலில் சாய்ந்து கை நடுக்கத்தை நிறுத்தினார். பொத்தானைப் பாதி அமுக்கி, கேமரா யோசித்து முடித்தபின் மீதியை அமுக்கினார். வானம் வெளிறாதபடி கேமராவில் வெளிச்ச அளவை ஒரு படி குறைத்தார். நனைந்தால் கவலையில்லாத கேமரா என்பதால் அதைத் தண்ணீர் மட்டத்திலேயே பிடித்தார். இதைப் பெரிய கேமரா வைத்திருப்பவர்கள் யாரும் செய்யத் துணிய மாட்டார்கள்.

படம் வந்தது. சாக்கடை முழுவதும் தங்கம். எதிர்வீட்டு ரோஜா நிறச் சுவர் தலைகீழாக அதில் மிதந்தது. மின்கம்பியில் ஒரு காக்கை, தண்ணீரில் ஒரு காக்கை.

குருபிரசாத்தின் வீட்டுப் போனுக்கு நெடுஞ்செழியனே கூப்பிட்டார். “சார், எங்க ஆபீஸ் குரூப்ல எல்லாரும் பாத்துட்டாங்க. சூப்பர் சார். எந்த ஏரி இது?”

“எங்க வாசல் சார். புகாரோட அனுப்பியிருந்தேனே.”

“அப்படியா? குடுத்துவெச்சவங்க சார் நீங்க,” என்று வைத்துவிட்டார்.

குருபிரசாத்துக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் அலுவலகத்தில் ‘சூப்பர்’ என்று அவரை யாராவது சொல்லிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. அந்த ஒரு சொல்லை வாயில் மிட்டாய்போல் போட்டுக்கொண்டு அன்று முழுவதும் வேலை பார்த்தார்.

அதன்பின் தினமும் படம். நண்பர்கள் குழுக்களில் ‘மந்தைவெளி விடியல்’ என்று அவை சுற்றின. வேதாந்தம் தன் பங்குக்கு, ‘நமது சந்தின் நீர்வளம்’ என்று தலைப்பிட்டு அனுப்பினார்.

இந்தக் கலைச்சூழலைப் புரிந்துகொள்ளாத ஒரே ஆத்மா அபயாம்பாள் மாமிதான். அவர் எங்கெங்கோ பேசி, தண்ணீரை உறிஞ்சும் லாரி ஒன்றை வரவழைத்துவிட்டார். லாரி சந்து முனையில் வந்து நின்றதைக் கண்டு குருபிரசாத் பதறி ஓடினார்.

“மாமி, நாளைக்குக் காலம்பர வரைக்கும் பொறுங்கோ. இன்னிக்கு மேகம். வெளிச்சமே இல்லை. நாளைக்கு நல்ல படமா ஒண்ணு எடுத்துட்டா, அதுவே கடைசி ஆதாரம். அப்புறம் உறிஞ்சிக்கலாம்.”

“ஆத்துக்குள்ள சாக்கடை வந்துண்டிருக்கு. நீ சூரியன் வரட்டும்ங்கறே.”

“இப்ப உறிஞ்சினா திரும்ப ரொம்பிடும் மாமி. பள்ளத்தை மூடினாத்தானே நிரந்தரத் தீர்வு? அதுக்குப் படம் வேணும்.”

வேதாந்தமும் வந்து, ஆதாரத்தை அழிப்பது சட்டப்படி சரியாகாது என்று கருத்துத் தெரிவித்தார். லாரி திரும்பிப் போயிற்று. மாமி உள்ளே போய், மிச்சமிருந்த செங்கல்லையும் கட்டிலின் கால்களுக்கு அடியில் வைத்தார்.

மறுநாள் காலை, கலைஞன் கனவு காணும்படியான வெளிச்சம். குருபிரசாத் தண்ணீரில் குத்துக்காலிட்டுக் கேமராத் திரையில் காட்சியைச் சரிபார்த்தார். ஒரே ஒரு குறை. சிவப்புத் துணி கட்டிய அந்தக் கிளை நட்டநடுவில் துருத்திக்கொண்டு நின்றது. அதைப் பிடுங்கி மதிலோரம் சாத்தினார். படம் எடுத்ததும் திரும்ப ஊன்றிவிடலாம் என்று உண்மையாகவே நினைத்தார்.

அப்போது சந்து முனையில் தேசம்மா வந்தார். நொச்சிக்குப்பத்துக்காரர். தலையில் மீன் கூடையோடு தினமும் இந்தச் சந்து வழியாகத்தான் அடுத்த தெருவுக்கு விற்கப் போவார்.

“இன்னா சார், காலங்காத்தால தண்ணியில குந்திக்கினு கீறே?”

பொன்னிறத் தண்ணீர், அதன்மேல் கூடை சுமந்த ஒரு பெண்ணின் நிழல். குருபிரசாத்தின் கை தானாகவே லென்ஸைத் துடைத்தது. “வாங்கம்மா, வாங்க. என்னைப் பாக்காதீங்க. அப்படியே நேரா நடந்து வாங்க.”

தேசம்மா கிளையைத் தேடினார். காணவில்லை. படித்த மனிதர் நேராக வரச் சொல்கிறார். நேராக வந்தார்.

கூடை ஒரு பக்கம் பறந்தது. தேசம்மா மார்பளவுக்குப் பள்ளத்தில் இறங்கினார். சங்கரா மீன்கள் தங்கத் தண்ணீரில் சிதறின. அவர் வாய் திறந்து அலறினார். ஒரு கையை நீட்டினார்.

“கை குடு நைனா. காலு மாட்டிக்கினு கீது.”

“ஒரு நிமிஷம்மா. அப்படியே இருங்க.”

கேமரா தொடர்ச்சியாக எடுத்துத் தள்ளியது. எடுத்ததை உள்ளே சேமிக்க அதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதுவரை ஒரு சிறு விளக்கு மினுக்கும். அப்போது அசைக்கக் கூடாது என்று பயிலரங்கில் சொல்லியிருந்தார்கள். குருபிரசாத் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அணைவதற்குள் அபயாம்பாள் மாமி புடவையோடு தண்ணீரில் இறங்கி, தேசம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

தேசம்மாவுக்குக் கால் எலும்பு முறிந்திருந்தது. படம் அபாரமாக வந்திருந்தது.

வட்ட அலுவலகத்துக்கு அனுப்பும் முன் சங்கம் அதைக் கொண்டாட விரும்பியது. வேதாந்தம் தலைமையில் பாராட்டு விழா. படம் ஃபிளெக்ஸாகப் பெரிதாக்கப்பட்டு மேடைக்குப் பின்னால் கட்டப்பட்டது. குருபிரசாத்துக்குச் சால்வை. தேசம்மாவையும் மாவுக்கட்டோடு ஆட்டோவில் அழைத்து வந்து முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். பள்ளம் இன்னும் திறந்தே இருந்ததால் ஆட்டோவைச் சந்து முனையிலேயே நிறுத்தி, நாற்காலியோடு தூக்கி வந்தார்கள்.

“இவ்வளவு சின்னக் கேமராவில், இவ்வளவு தெளிவாக, ஓர் உழைக்கும் பெண்ணின் பரிதவிப்பைப் பதிவு செய்த கண்கள் எப்பேர்ப்பட்ட கண்கள்,” என்றார் வேதாந்தம். “அம்மா, நீங்களும் ரெண்டு வார்த்தை சொல்லணும்.”

மைக்கை அவர் கையில் கொடுத்தார்கள். தேசம்மா ஃபிளெக்ஸைச் சற்று நேரம் பார்த்தார்.

“படம் நல்லா கீது. மீன் ஒண்ணொண்ணா எண்ணலாம்போலக் கீது. ஒரு மாசம் காலைத் தூக்கி வெச்சிக்கினு குந்தணும்ன்றாங்க, குந்திக்கினு பாக்கலாம்.” ஃபிளெக்ஸை நோக்கி விரலைக் காட்டினார். “அதுல நான் கை நீட்டிக்கினு கீறேன் பாரு. யார்கிட்ட நீட்டினேன்னு இங்க யாராச்சும் கேட்டீங்களா?”

எல்லோரும் ஃபிளெக்ஸைப் பார்த்தார்கள். கை நேராக அவர்களை நோக்கி நீண்டிருந்தது. விரல்கள் விரிந்து, ஒவ்வொரு ரேகையும் தெளிவாக, படத்தைவிட்டு வெளியே வந்துவிடும்போல் இருந்தது. பிறகு எல்லோரும் குருபிரசாத்தைப் பார்த்தார்கள். அவர் சால்வையின் ஓரத்துச் சரிகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. விளக்கு மினுக்கியதைச் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தார். அது தனக்குள்ளேயே கேவலமாக ஒலித்ததால் வாயைத் திறக்கவில்லை.

“டிபன் தயார்,” என்று அறிவித்தார் வேதாந்தம்.

கேசரிக்குப் பின் செயற்குழு தனியாகக் கூடியது. படத்தின் கலைச்சமநிலையை அந்தக் கை சற்றே ‘பாதிக்கிறது’ என்று வேதாந்தம் நயமாக எடுத்துரைத்தார். கையை மட்டும் வெட்டிவிட்டு அனுப்பலாம் என்று தீர்மானம் நிறைவேறியது. தேசம்மா உறுப்பினர் அல்லர். அபயாம்பாள் மாமியின் எதிர்ப்பு, அவர் தேசம்மாவை ஆட்டோவில் ஏற்றிவிடப் போயிருந்ததால், பதிவாகவில்லை.

குருபிரசாத்தே கணினியில் உட்கார்ந்து வெட்டினார். நல்ல கைவேலை. முழங்கைவரை சுத்தமாகப் போய்விட்டது. புகாரோடு படம் ஏற்றப்பட்டது. இந்த முறை நெடுஞ்செழியன் தாமதிக்கவே இல்லை.

‘நீர்நிலையில் இறங்கிய பெண்மணி ஒருவர் வாய்விட்டுச் சிரித்தபடி நீராடும் காட்சி கண்டு மகிழ்ந்தோம். சுற்றிலும் மீன்வளமும் நன்றாக உள்ளது. பொதுமக்களுக்கு இடையூறு ஏதும் தென்படாததால் புகார் முடித்துவைக்கப்படுகிறது.’

குருபிரசாத் படத்தைத் திறந்து பார்த்தார். உண்மைதான். கை இல்லாவிட்டால் அந்த முகம் சிரிப்பதுபோல்தான் இருந்தது. மறுப்பு எழுத வேண்டுமானால் கையைத் திரும்ப ஒட்டியாக வேண்டும். ஒட்டினால், அது யாரை நோக்கி நீண்டது என்று நெடுஞ்செழியனும் கேட்பார்.

செயலியில் ஒரு பெட்டி திறந்து, சேவை திருப்திகரமாக இருந்ததா என்று கேட்டது.

குருபிரசாத் ஐந்து நட்சத்திரம் கொடுத்தார்.