யூனிஸ் பெரியம்மா ஒற்றை ஆளாக நிற்கும் படம்

அன்பு மருமகள் டெல்ஃபீனுக்கு,

மாமா நார்பர்ட் ஆசையுடன் எழுதிக்கொள்வது. ஏரி உறைந்துவிட்டது, நாய் குட்டி போட்டிருக்கிறது, நான் சௌக்கியம். உன் பெரியம்மாவின் கோபமும் சௌக்கியம்.

நீ வின்னிபெக்கிலிருந்து அனுப்பிய படக்கதைப் பக்கங்களும், அவளிடம் சம்மதம் கேட்கும் புகையிலைப் பொட்டலமும் வந்து சேர்ந்தன. வெள்ளிக்கிழமை அச்சு, பெரியம்மா சம்மதிக்காவிட்டால் புத்தகமே இல்லை என்று எழுதியிருந்தாய். பொட்டலத்தை எடுத்துக்கொண்டால் சம்மதம், தொடாவிட்டால் இல்லை. நம் அனிஷினாபே பழங்குடி வீடுகளில் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அக்காவின் சமையல் மேசையில் வைத்தேன். அவள் பொட்டலத்தை விட்டுவிட்டுப் படத்தைப் பார்த்தாள். காட்டை வெட்ட வந்த மர லாரிக்கு முன்னால் கூந்தல் பறக்க யூனிஸ் ஒற்றை ஆளாக நிற்கிறாள். எனக்குப் புல்லரித்தது, அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் எங்கேடா நின்னேன்? மடக்கு நாற்காலியில உக்காந்திருந்தேன். மத்த பொம்பளைங்க எங்கே? அவ்வளவு பேருக்கும் மூஸ் மான் சூப்பு யாரு வச்சா, இந்தக் கூந்தலா?" என்றாள். அன்று சாலையை மறித்த அத்தனை பேரையும் வரையாமல் பொட்டலத்தைத் தொடமாட்டாளாம்.

இதை நான் ஒரே ஒருவரிடம்தான் சொன்னேன். அவர் ஊர் வானொலியில் பிங்கோ ஆட்டத்துக்கு எண் வாசிக்கிறவர், அதுதான் வினை. விடிந்ததும் என் வாசலில் ஆளுக்கொரு பழைய போட்டோ, ஆளுக்கொரு சட்டி ரொட்டியோடு ஒரே கூட்டம் தாயி, உட்கார இடமில்லை, பக்கத்து வீட்டு வெர்ஜில் அப்போது பிறக்கவே இல்லை, அம்மா வயிற்றில் இருந்தானாம், வயிற்றை வரைந்தால் போதுமாம், அந்த லாரியை ஓட்டி வந்த கிழவர்கூட வந்துவிட்டார், மூன்று தட்டு சூப்பு குடித்துவிட்டு வண்டியைத் திருப்பியது நான்தானே, என்னை விட்டுவிட்டு என்ன சரித்திரம் என்கிறார்.

இத்தனை பேரை வரைந்தால் உன் முகம் கடுகளவுதான் தெரியும் என்று அக்காவிடம் சொன்னேன்.

"அன்னைக்கும் அவ்வளவுதான் இருந்தேன். அவங்க இல்லன்னா லாரி என் மேல ஏறியிருக்கும்டா" என்று சொல்லி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆகவே அச்சை நிறுத்திவிடு. எனக்காகச் சொல்லவில்லை, படத்தில் வர அலைகிற ஆள் நானில்லை.

நம் முன்னோர்கள் உன் விரல்களுக்குத் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
நார்பர்ட் மாமா

பின்குறிப்பு: நிறுத்தாதே! தபால்தலை கேட்கப் போனேன். அக்கா உன் படத்திலேயே பென்சிலால் தன்னை நாற்காலியில் உட்காரவைத்து, சுற்றிலும் குச்சி குச்சியாக எல்லோரையும் போட்டு, இறந்துபோனவர்கள் உட்பட அத்தனை பேருக்கும் பெயர் எழுதிவிட்டாள். பொட்டலம் அவள் பையில். பக்கத்தை இத்துடன் வைத்திருக்கிறேன், அப்படியே அச்சிடு. சூப்புச் சட்டிக்குள் தலையை விட்டிருக்கிற தொப்பைக்காரன் நானாம். அதை மட்டும் அழித்துவிடாதே.