ஸ்டூல் மேனேஜரின் இடது கால்

நாற்காலிக்காக அடித்துக்கொண்ட மேனேஜர்கள் உலகத்தில் எத்தனையோ பேர் உண்டு. கொடுத்த நாற்காலியைக் கண்டு பயந்து ஓடிய ஒரே மேனேஜர் எங்கள் மேனேஜர்தான். அவருக்குக் கீழே நாலு வருஷம் வேலை பார்த்தேன். 'கீழே' என்று சொல்வதே தப்பு. அவருக்குக் கீழே போக யாராலும் முடியாது. நாம் குனிந்தால் அவர் உட்கார்ந்துவிடுவார். நாம் உட்கார்ந்தால் அவர் தரையைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

திருச்செங்கோட்டில் போர்வெல் லாரி வைத்திருந்த ஒரு கம்பெனி அது. ஆறு லாரிகளும் வருஷத்தில் பாதி நாள் சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம் என்று எங்கோ வெயிலில் பூமியைத் துளைத்துக்கொண்டிருக்கும். இங்கே ஆபீஸில் நாங்கள் நாலே பேர்: மேனேஜர், லாரிகளுக்கு உதிரி பாகங்கள் வாங்கி அனுப்பும் கிளார்க்கான நான், வாட்ச்மேன் காளியப்பன், கூட்டிப் பெருக்கும் ராசாத்தியக்கா.

மேனேஜருக்கென்று ஏசி போட்ட அறையும், சுழலும் நாற்காலியும் இருந்தன. அந்த நாற்காலியை அவர் காளியப்பனுக்குக் கொடுத்துவிட்டார். "அவருக்கு இடுப்பு வலி சார். எனக்கு என்ன, இந்த ஸ்டூலே போதும்" என்றார். அன்றிலிருந்து டிரைவர்கள் வாயில் அவர் ஸ்டூல் மேனேஜர் ஆனார். ஞானஸ்நானத்தில் அவருக்கு வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

ஒரு நாள் ஆந்திராவிலிருந்து இரண்டு பெரிய மனிதர்கள் வந்தார்கள். ஒரு ஜில்லா முழுக்க எங்கள் லாரிகளைக் கூப்பிடுவதாக உத்தேசம். கதவைத் திறந்தால் சுழல் நாற்காலியில் ஒருவர், பெரிய மீசையுடன், கண்ணை மூடிக்கொண்டு கம்பீரமாகச் சாய்ந்திருக்கிறார். பக்கத்தில் ஸ்டூலில் ஓர் ஒல்லி மனிதர் காகிதங்களுக்குக் குண்டூசி குத்திக்கொண்டிருக்கிறார். இதில் யார் மேனேஜர் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே வரவில்லை. காளியப்பன் கண் விழித்தபோது அவர் தோளில் பட்டு சால்வை இருந்தது. கையில் எலுமிச்சம்பழம் இருந்தது. அவர் அசரவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, "பாத்துப் பண்ணிக்கலாமுங்க" என்றார்.

அதற்குள் மேனேஜர் எழுந்துபோய் நாலு டீ வாங்கி வந்துவிட்டார். ஒப்பந்தம் முடிந்தே போனது. அவர்கள் போனபின் நான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"ஏன் சார் சொல்லலை?"

"எதுக்கு சார்? அவரு நல்லாத்தானே பேசினாரு."

காளியப்பன் அந்த சால்வையை ஒரு வாரம் கழற்றவில்லை.

மேனேஜர் எல்லோரையும் 'சார்' என்றுதான் கூப்பிடுவார். வாட்ச்மேனும் சார், டீக்கடைக்காரரும் சார். ஆபீஸ் வாசலில் குறுக்கே படுத்திருக்கும் தெருநாயிடம்கூட, "கொஞ்சம் தள்ளிப் படுத்துக்கிறீங்களா?" என்று கேட்டு, அது யோசித்து முடிவெடுக்கும்வரை வெயிலில் காத்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் சேலம் சூரமங்கலத்தில் இருக்கும் சர்ச்சுக்குப் போவார். அவர் அப்பா ரயில்வேயில் இருந்த காலத்திலிருந்து அது அவர்கள் சர்ச். பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் ஏறட்டும் என்று படிக்கட்டுப் பக்கத்தில் கை கட்டி நிற்பார். எல்லோரும் ஏறியதும் பஸ் போய்விடும். மூன்றாவது பஸ்ஸில் ஒரு கண்டக்டர் பொறுமையிழந்து, "ஏனுங்க, நீங்க பஸ் ஏற வந்தீங்களா, வழியனுப்ப வந்தீங்களா?" என்று சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போட்டதை நானே பார்த்தேன்.

கம்பெனி வாட்ஸ்அப் குரூப்புக்கு அவர்தான் அட்மின். 'நான் மட்டும் என்ன பெரியவன்?' என்று அத்தனை பேரையும் அட்மின் ஆக்கினார். ராய்ப்பூர் பக்கம் ஒரு டிரைவர் கிரீஸ் விரலால் போனைத் துடைத்தபோது மேனேஜர் குரூப்பிலிருந்து வெளியே விழுந்துவிட்டார். யாரும் கவனிக்கவில்லை. அவரும் யாரிடமும் சொல்லவில்லை. தினமும் காலையில் என் மேஜைக்கு வந்து தயங்கி நின்று, "குரூப்புல ஏதாச்சும் சேதி உண்டா சார்?" என்று கேட்பார். பதினைந்து நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அன்று சிரித்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிடுகிறது.

இவ்வளவுக்கும் அவர் ஏமாளி இல்லை. முதலாளி கூப்பிட்டால் போனை எடுக்காத டிரைவர்கள், இவர் கூப்பிட்டால் வண்டியை ஓரம் கட்டிவிட்டு எடுப்பார்கள். இவர் யாரையும் அதட்டி நான் கேட்டதில்லை. ஒருமுறை காரணம் கேட்டேன். "எங்க ஆண்டவரு கடைசி ராத்திரி சாப்பாட்டுல எந்திரிச்சு, துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு சீஷருங்க காலைக் கழுவினாரு சார். எசமானே அப்படின்னா, மேனேஜரு எம்மாத்திரம்?" என்றார்.

வினை அந்தத் துண்டில்தான் வந்தது.

காலை எட்டு மணிக்கே வந்து ஆபீஸைக் கூட்டி, துடைத்து, கக்கூசும் கழுவி முடித்துவிடுவார். எட்டரைக்கு ராசாத்தியக்கா வந்தால் அவள் துடைப்பத்துக்கு ஒரு தூசி இருக்காது. "நீங்க உக்காருங்கம்மா" என்பார். அவள் உட்கார மாட்டாள். பளபளவென்று இருக்கும் தரையையே மறுபடியும், கொஞ்சம் கோபத்தோடு, கூட்டுவாள்.

முதலாளி மோகனூரில் கரும்புத் தோட்டமும் வைத்திருந்ததால் வாரம் ஒரு நாள்தான் ஆபீஸ் வருவார். ஒரு நாள் சீக்கிரமே வந்துவிட்டார். மேனேஜர் வேட்டியை மடித்துக் கட்டி வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்தார். முதலாளி நின்று பார்த்தார். அவருக்கு மகான் யாரும் தெரியவில்லை. மிச்சம் பிடிக்கலாம் என்பதுதான் தெரிந்தது.

"ஏனுங்க, நீங்களே கூட்டிக்கறீங்க. அப்பறம் அந்த ராசாத்தி எதுக்குங்க? அடுத்த மாசத்துல இருந்து வர வேண்டாமுன்னு சொல்லீருங்க."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். மேனேஜர் கையில் ஈரத் துணியோடு அப்படியே நின்றார். தண்ணீர் சொட்டிச் சொட்டி அவர் காலடியில் ஒரு குளமே கட்டியது.

அவர் சொல்வதற்கு முன் காளியப்பன் சொல்லிவிட்டார். ராசாத்தியக்கா புருஷனை இழந்தவள். இரண்டு பெண் பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள். துடைப்பமும் கையுமாக நேராக மேனேஜர் முன்னால் வந்து வாளியைத் தரையில் வைத்தாள். வைத்த சத்தம் தெருவுக்குக் கேட்டது.

"ஏனுங்க சார், நான் என்னைக்காச்சும் உங்க சேருல உக்காந்து கையெழுத்துப் போட்டனுங்களா?"

"இல்லைம்மா."

"அப்பறம் நீங்க எதுக்குங்க என்ற சீமாத்தப் புடுங்கறீங்க? கூட்டறது உங்களுக்குப் புண்ணியமுங்க. எனக்கு அது சோறுங்க."

மேனேஜர் கையிலிருந்த ஈரத் துணியை அவள் வாளியில் போட்டார். பிறகு முதலாளி அறைக்குப் போனார். கதவு திறந்தே இருந்ததால் எங்கள் மூவருக்கும் எல்லாம் கேட்டது.

"தப்பு என்னோடதுங்க. அந்தம்மாவை எடுக்கறதா இருந்தா முதல்ல என்னை எடுத்துருங்க."

முதலாளிக்குத் தலை சுற்றியிருக்க வேண்டும். இவர் போனால் ஆறு லாரி டிரைவர்களையும் யார் கட்டி மேய்ப்பது?

"செரீங்க, அந்தப் பொம்பள இருக்கட்டும். ஆனா நீங்க சீமாத்தத் தொடக் கூடாது. மொதல்ல அந்தச் சேருல உக்காருங்க. மேனேஜரு மேனேஜராட்ட இருந்தாத்தானுங்க கூட்டறவ கூட்டறவளா இருக்க முடியும்."

மேனேஜர் வெளியே வந்து, எங்கள் எல்லோர் முன்னாலும் ராசாத்தியக்காவைப் பார்த்துக் கும்பிட்டார். "மன்னிச்சிருங்கம்மா. இது தாழ்மைன்னு நினைச்சேன். ஆனா நாலு பேரு பாக்கட்டுமேன்னு மனசு மூலையில ஒரு ஆசை இருந்திருக்கு. அதுக்கு உங்க வேலையை எடுத்துக்கிட்டேன்" என்றார். ராசாத்தியக்காவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "அட விடுங்க சார்" என்று வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவினாள்.

காளியப்பன் கண்ணீரோடு நாற்காலியைக் காலி செய்தார். மேனேஜர் அதன் நுனியில், பல் பிடுங்கக் காத்திருப்பவர் மாதிரி உட்கார்ந்தார். ஏசி அறை என்பதால் கதவைச் சாத்த வேண்டியிருந்தது. சாத்திய கதவுக்குள்ளே அவர் என்ன செய்தார் என்று எங்களுக்குத் தெரியாது. மதியம் பன்னிரண்டரைக்கு டிபன் டப்பா திறக்கும் சத்தம் கேட்கும். பத்தே நிமிஷத்தில் மூடும் சத்தம் கேட்கும். டிரைவர்களும் கதவைத் தட்டத் தயங்கி, வெளியிலிருந்தே என்னிடம் பேசிவிட்டுப் போனார்கள். ஒரு நாள் ஜன்னல் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தேன். இரண்டு கைகளையும் மேஜைமேல் பரப்பி வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பதுபோல.

அந்த வருஷம் மழைக்குப் பிறகு ஊரெல்லாம் சிக்குன்குனியா. மேனேஜர் இரண்டு நாள் ஆபீஸுக்கு வரவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் கவனிக்கவே இல்லை. கதவு எப்போதும்போலச் சாத்தித்தான் இருந்தது. மூன்றாம் நாள் ராசாத்தியக்கா என்னிடம் வந்தாள்.

"கிளார்க்கு சார், மேனேஜர் ரூம்பு குப்பைக் கூடையில ரெண்டு நாளா ஒரு துண்டுக் காயிதம்கூட இல்லீங்க. அவரு வந்தாருங்களா?"

பின் தெருவில், லைன் வீட்டில் ஒற்றை அறை அவருக்கு. நான் அதுவரை போனதே இல்லை. தாழ் போடாத கதவைத் தள்ளினோம். ஒரு கட்டில், ஒரு தட்டு, ஒரு டம்ளர், சுவரில் ஒரு சிலுவை. அவர் கட்டிலுக்குக் கீழே தரையில் கிடந்தார். கால்கள் பூசணிக்காய்போல வீங்கியிருந்தன. எழுந்து போக முடியாததால் துணியெல்லாம் நனைந்து, அறையே நாறியது. எங்களைப் பார்த்ததும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

"நீங்க போங்க சார். ஆபீஸுக்கு போன் வரும்."

ராசாத்தியக்கா அவரைக் கண்டுகொள்ளவில்லை. ஸ்டவ்வைப் பற்றவைத்து வெந்நீர் போட்டாள். நான் அவருக்கு வேட்டி மாற்றிவிட்டேன். அவள் தரையைத் துடைத்துவிட்டு, வெந்நீரையும் துணியையும் எடுத்துக்கொண்டு அவர் கால்மாட்டில் உட்கார்ந்தாள். அவர் வலியோடு காலை இழுத்துக்கொண்டார்.

"வேண்டாம்மா. காலை மட்டும் தொடாதீங்க."

"ஏனுங்க, நீங்க மட்டும் எல்லாத்துக்கும் செய்வீங்க. உங்களுக்கு ஒருத்தரு செஞ்சா ஆவாதுங்களா? இது என்னங்க நாயம்?"

அவருக்கு அழுகை வந்துவிட்டது. வீங்கிய கையால் கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை. "எங்க ஆண்டவரு கால் கழுவ வந்தப்ப ஒரு சீஷரும் இப்படித்தாம்மா, வேண்டவே வேண்டாம்னு காலை இழுத்துக்கிட்டாரு" என்றார்.

"அப்பறம் அந்த மனுசன் காலக் காட்டினாரா, இல்லீங்களா?"

"காட்டினாரு."

"அப்பறம் நீங்களும் காட்டுங்க சாமி."

மெதுவாக வலது காலை நீட்டினார். அவள் கழுவினாள். நான் வாசலோரம் நின்று, உதவ மனமிருப்பவனைப்போல முகத்தை வைத்துக்கொண்டிருந்தேன். அவள் திரும்பிப் பார்த்தாள்.

"சும்மா நின்னு பாக்கறதுக்கா வந்தீங்க? அந்தக் காலு உங்களுதுங்க."

பெற்ற அப்பாவின் காலைக்கூட நான் கழுவியதில்லை. முட்டி போட்டேன். இடது கால் நெருப்பாகக் கொதித்தது. குதிகால் வெடிப்புகளில் துணியை ஒற்றியெடுத்தபோது அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எங்க வீட்டுக்காரி ரெண்டு வருசம் படுக்கையில கிடந்தா சார். குளிப்பாட்டுறது, ஊட்டிவிடுறது எல்லாம் நான்தான். குழந்தைங்க இல்லை. அவ போனப்புறம் இந்தக் கைக்கு வேலையே இல்லாம போச்சு. காலையில முழிச்சா யாருக்காச்சும் ஏதாச்சும் செஞ்சாத்தான் அன்னிக்குப் பொழுது போகும். அதைப் போயி எல்லாரும் பெரிய குணம்னு சொன்னீங்க. நானும் நம்பிட்டேன்."

ராசாத்தியக்கா தண்ணீரைக் கொட்டிவிட்டு, "ஊட்டுக்குப் போயி கஞ்சி கொண்டு வாரேன்" என்று எழுந்தாள். ஒரு வாரம் அவள் கஞ்சிதான். முதல் இரண்டு நாள் சங்கடப்பட்டுக் குடித்தார். மூன்றாம் நாள், "இன்னும் கொஞ்சம் உப்புப் போடுங்கம்மா" என்று கேட்டார். தனக்கென்று அவர் வாய் திறந்து ஒன்றைக் கேட்டது, எனக்குத் தெரிந்து, அதுதான் முதல் தடவை. ராசாத்தியக்கா வெளியே வந்து அதை என்னிடம் பரிசு விழுந்த மாதிரி சொன்னாள்.

குணமாகி வந்தபின் மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் கதவைத் திறந்துகொண்டு எங்களோடு வராந்தாவில் உட்கார்ந்தார். நாங்கள் போட்டதை வேண்டாம் என்று சொல்லாமல் சாப்பிட்டார். மறு வருஷம் ஓய்வு பெற்று சூரமங்கலத்துக்கே போய்விட்டார்.

நானும் அந்த வேலையை விட்டுச் சேலத்துக்கு வந்தாயிற்று. மகன் படிப்புக்காக மனைவியும் அவனோடு சென்னையில் இருக்கிறாள். ஹோட்டல் பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு சில நாள் மதியம் அவருக்கு போன் செய்வேன். எடுத்ததும், ஹலோ கூடச் சொல்லாமல், "சாப்டீங்களா சார்?" என்பார். அதைக் கேட்பதற்காகத்தான் நான் போன் செய்கிறேன் என்பதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.