கோமளத்துக்கு மாப்பிள்ளை கோத்த சங்கிலி

ஒரு காட்டில், புலிக்குக்கூடக் கையெழுத்துப் போடத் தெரிந்திருந்த காலத்தில், கோமளம் என்றொரு முள்ளம்பன்றி தன் அம்மா பேச்சியோடு இருந்தாள். கோமளத்துக்குக் கல்யாண ஆசையே இல்லை. தானே தோண்டிய வளை, தானே பறித்த கிழங்கு, குறுக்கே பேச ஆளில்லாத சாயங்காலம், இவ்வளவு போதும் அவளுக்கு. பேச்சிக்கோ பாறைமேட்டு மாசிலான்மேல் கண். மூன்று வாசல் வளைக்காரன்; முள் ஒவ்வொன்றும் முழ நீளம்.

ஆனாலும் நாலு இடம் பார்க்காமல் கொடுத்தாள் என்று பேர் வரக்கூடாதே. பேச்சி மகளை இழுத்துக்கொண்டு புலியார் அலுவலகத்துக்குப் போனாள். குமாஸ்தா ஆமை ஓட்டுக்குள் இருந்தபடியே சொன்னது: "பதிவேட்டுல ஏறினதைத்தான் தேடித் தருவோம். மாப்பிள்ளைங்க ஏறலை."

"ஏறாததை யாரு தேடுவா?"

"ஆலமரத்துக் குரங்குகளைக் கேளு."

ஆலமரத்தில் தொங்கலன் என்ற கருமந்தி புதுத் தொழில் நடத்திக்கொண்டிருந்தான். நெல்லிக்காய்க் குவியலோ, நண்டுக் கூட்டமோ, எந்தப் பதிவேட்டிலும் ஏறாமல் சும்மா கிடக்கிற எதிலிருந்தும் வேண்டியதைப் பொறுக்கித் தருவான். ஒரு நிபந்தனைக்கு ஒரு குரங்கு. ஒன்றின் வாலை அடுத்தது பிடிக்கும், அதன் வாலை அதற்கடுத்தது. கோத்துக்கொண்டே போகலாம்.

"சொந்த வளை இருக்கணும்," என்றாள் பேச்சி. ஒரு குரங்கு வந்து நின்றது. "முள்ளு உதிராதவனா இருக்கணும்." இன்னொன்று வந்து அதன் வாலைப் பிடித்தது.

கோமளம் கவனித்தாள். இரண்டும் பேன் பார்த்தனவே தவிர, மாப்பிள்ளை பார்க்கக் கிளம்பவில்லை.

"இதுங்க எப்பண்ணே புறப்படும்?"

"'கொண்டா'ன்னு சொன்னாத்தான், தங்கச்சி. அதுவரைக்கும் கேள்வியைக் கேட்டு வச்சுக்கும், ஓரடி நகராது. வெறுங்கேள்விக்கு எதுக்கு உடம்பை நோகடிக்கணும்?"

கோமளத்தின் முள்ளெல்லாம் ஒருமுறை சிலிர்த்து அடங்கின.

"சரி, கொண்..." என்று பேச்சி ஆரம்பித்தாள்.

"அம்மா, குறட்டை?"

"என்னடி?"

"அப்பா குறட்டைக்கு நீ வெளியே படுத்த நாளெல்லாம் மறந்துபோச்சா?"

பேச்சிக்கு மறக்கவில்லை. ஒரு குரங்கு கூடியது.

அதற்கப்புறம் பேச்சி எப்போது ஆலமரத்துக்குப் போனாலும் கோமளம் கூடவே போனாள். தின்ற இடத்தைத் தானே கூட்டுகிறவனாக இருக்கணும். மழை வந்தபின் கூரையைப் பார்க்காமல், வருமுன்னே பார்க்கிறவனாக இருக்கணும். அக்கா பேச்சைக் கேட்டுக்கொண்டு வந்து பெண்டாட்டியிடம் கத்தாதவனாக இருக்கணும். "என் பொண்ணு எவ்வளவு பொறுப்பா யோசிக்கிறா பாருங்க," என்று பேச்சி அண்டை வளையெல்லாம் சொல்லிப் பூரித்தாள். மழைக்காலம் முடிவதற்குள் சங்கிலி ஆலமரத்தைச் சுற்றி ஓடைக்கரையைத் தொட்டுவிட்டது.

ஒருநாள் மாசிலானே ஆலமரத்தடிக்கு வந்து நின்றான். "இன்னைக்கு எனக்கு ஒரு முடிவு தெரியணும், அத்தை."

கோமளம் வாயெடுப்பதற்குள் பேச்சி சொல்லிவிட்டாள்: "கொண்டா!"

குரங்குகள் பேனை விட்டன. காட்டிலிருந்த கல்யாணமாகாத முள்ளம்பன்றிகள் ஒவ்வொன்றாகச் சங்கிலிக்குள் வந்தன. சில முதல் குரங்கிடமே தோற்றன. குறட்டைக் குரங்கிடம் பாதிக் கூட்டம் கழிந்தது. மாசிலான் மட்டும் எல்லாவற்றையும் தாண்டித் தாண்டி வந்தான். கூட்டுவானாம். கூரை பார்ப்பானாம். அவனுக்கு அக்காவே கிடையாதாம். கோமளம் வரிசையின் கடைசியை எட்டிப் பார்த்தாள்.

மிச்சமிருந்தது ஒரே குரங்கு. முந்தின நாள் பேச்சி ஓடையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது கோமளம் கோத்தது. அது தலையைச் சொறிந்துகொண்டு கேட்டது: "'தப்பு என்மேலதான்'னு ஒரு தடவையாவது சொல்லியிருக்கீங்களா?"

மாசிலான் நெற்றியைச் சுருக்கி ரொம்ப நேரம் யோசித்தான். "நான் தப்பே பண்ணினதில்லையே. பண்ணியிருந்தா சொல்லியிருப்பேன்."

குரங்கு மரியாதையாக அவனை ஓரமாக நகர்த்தியது.

"கேள்வியே தப்பு," என்று சொல்லிவிட்டு, முள்ளை விரித்துக்கொண்டு மாசிலான் போனான்.

பேச்சி சங்கிலியை முதலிலிருந்து கடைசிவரை நடந்து பார்த்தாள். எந்தக் குரங்கைக் கழற்றுவது? ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் பட்டது. முகம் கொஞ்சம் வாடியது. பிறகு மெல்ல மலர்ந்தது.

"பார்த்தியாடி? நம்ம தகுதிக்கு இந்தக் காட்டிலேயே ஆளில்லை."

"என்னம்மா பண்றது," என்றாள் கோமளம், தலையைக் குனிந்துகொண்டு.

பேச்சி அதை அண்டை வளைகளுக்குச் சொல்ல விரைந்தாள். குரங்குகள் வாலை விட்டுவிட்டு மரமேறின. எல்லோரும் போகும்வரை பொறுத்திருந்துவிட்டு, கோமளம் கிழங்கு தோண்ட நடந்தாள்.

நீதி: வேண்டாம் என்று சொல்லிப் பொல்லாப்பைத் தேடாதே, இன்னும் ஒரு நிபந்தனை சொல், பொறுப்பான பெண் என்ற பேரும் கிடைக்கும்.