போர்க்கப்பலுக்குப் பொட்டு

எதையும் ஆராய விரும்பும் மனம் நல்லதுதான். அது கையையும் உடன் அழைத்துக்கொண்டு புறப்படும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

என் மனைவியின் தம்பி குணா, சுங்கை ஆயர் தாவாரில் செம்பனை எண்ணெய் ஆலையொன்றில் வேலை பார்த்துக்கொண்டே, கடற்படைக் கப்பல்களின் சிற்றுருவங்களைக் கையால் செய்துவந்தான். முதன்முறையாக ஒருவர் விலைகொடுத்து வாங்க முன்வந்தார். ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி. தாம் பணியாற்றிய கப்பலையே கேட்டிருந்தார். அவருக்குப் பிடித்துவிட்டால் நண்பர்களிடமும் சொல்வார், ஆலை வேலையை விட்டுவிடலாம் என்று குணா நம்பியிருந்தான். அவர் கோலா சிலாங்கூரிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்து பெற்றுக்கொள்வதாக ஏற்பாடு. அன்று ஆயுத பூசை.

"மச்சான், கண்ணாடிப் பெட்டி எடுத்துட்டு வந்துர்றேன். பாருங்க, தொடாதீங்க லா" என்று சொல்லிவிட்டுக் குணா கடைக்குப் போனான்.

பார்த்தேன். கை நீளக் கப்பல். ஏணிப் படிகள் எறும்பு ஏறுவதற்கென்றே செய்தவைபோல் இருந்தன. மேல்தளத்து ஹெலிகாப்டர் ஏன் இறக்கைகளை மடித்து வைத்திருக்கிறது? பீரங்கிக்குள் துளை உண்டா? (உண்டு. ஊதிப் பார்த்தேன்.) அப்போதுதான், பூசைத் தட்டில் கத்தரிக்கோலும் காய் வெட்டும் கத்தியும் பொட்டோடு வீற்றிருப்பது கண்ணில் பட்டது. ஏவுகணை தாங்கிய கப்பல் வீட்டில் இருக்க, கத்தரிக்கோல் ஆயுதமென வணங்கப்படுவது முறையாகத் தோன்றவில்லை. பீரங்கிக்கும் ரேடாருக்கும் முகப்புக்கும் சந்தனம் வைத்து, நடுவே குங்குமமும் இட்டேன்.

"அவன்தான் தொடாதீங்கன்னு சொன்னான்ல?" என்றாள் மனைவி.

"தொடல. பொட்டுதான் வச்சேன்."

வெளியே கார் நிற்கும் ஓசை கேட்டது. ஈரத்துணியால் அவசரமாகத் துடைத்தேன். பளபளப்பில்லாத சாம்பல் நிறச் சாயம் குங்குமத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்பதை அன்றுதான் அறிந்தேன். முகப்பு முழுவதும் ரோஜா நிறம் பரவியது. ரேடார் துணியோடு வந்துவிட்டது.

வாசலில் குணாவும், அப்போதுதான் வந்திறங்கிய அதிகாரியும் நின்றார்கள். குணா என் கையிலிருந்த துணியை வாங்கி, அதிலிருந்து ரேடாரைப் பிரித்தெடுத்தான். (திட்டியிருக்கலாம்.) அதிகாரி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் குனிந்து பார்த்தார்.

"வேல நல்லா இருக்கு தம்பி," என்றார் கடைசியில். "ஆனா இத அலமாரியில வச்சா, எந்த நாட்டு நேவின்னு கேப்பானுங்க லா. சரி பண்ணிக் குடுங்க. நான் காத்திருக்கேன்."

குணா முகப்பைச் சுரண்டி மீண்டும் சாயம் பூசிக் கொடுத்தான். அவர் வாங்கிக்கொண்டார், கப்பலைக் காட்டிய இடமெல்லாம் என் கதையையும் சொன்னார். குணா இப்போது ஆலைக்குப் போவதில்லை. அண்மையில் அவருடைய நண்பர் ஒருவர் அதே கப்பலைக் கேட்டார். பொட்டோடு வேண்டுமாம்.

எனக்குப் பெருமிதம் தாங்கவில்லை. "சந்தனம் நான் கொழச்சுத் தரட்டுமா?" என்றேன்.

ஊசிமுனையில் சிவப்புச் சாயத்தைத் தொட்டுக்கொண்டிருந்த குணா நிமிரவே இல்லை.

"அக்கா, மச்சான் கையில சுண்டல் குடு. ரெண்டு கையிலயும்."

அன்றுமுதல் எங்கள் வீட்டுக்குள் உடையக்கூடிய எந்தப் பொருள் வந்தாலும், அதற்கு முன்பாக எனக்குச் சுண்டல் வந்துவிடுகிறது.